ப்ராஜெக்ட் பெட்டி கைக்கு வந்ததும் சென்சார் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள்

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு "வழிகாட்டுகிறோம்" என்று சொல்லும் இடங்களில் முன்பணம் கட்டப் போகிறவர்கள், எங்கள் குழுவுக்கு நடந்ததைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். அந்த இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. இதே வேலையைப் பல பெயர்களில் பலர் செய்கிறார்கள்.

மோட்டாரின் அதிர்வை அளந்து, பேரிங் கெடத் தொடங்குவதை முன்பே சொல்லும் கருவி எங்களுடையது. தலைப்பும் சர்க்யூட்டும் நாங்களே யோசித்தவை. போர்டு அமைக்கவும், புரோகிராமில் சிக்கினால் சொல்லித்தரவும் மட்டும்தான் ஆள் தேடினோம். அவர்களோ "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க வைவாவுக்குப் படிங்க" என்றார்கள். சொன்ன வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. ரிவியூ தலைக்கு மேல் வந்த பிறகுதான் பெட்டியைக் கண்ணில் காட்டினார்கள்.

டெமோ பிரமாதம். அங்கிருந்தவர் ஒரு கையால் ஓடும் மோட்டாரை அழுத்தினார். திரையில் 'பேரிங் பழுது' என்று வந்தது. அவருடைய இன்னொரு கை பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீதிப் பணமும் கைமாறியது.

ஆய்வகத்தில் வைத்து மோட்டாரை அணைத்தோம். திரையில் எண்கள் ஆடிக்கொண்டே இருந்தன. சரி, சென்சார் பக்கத்து மேசையின் அதிர்வைப் பிடிக்கிறது போல என்று நினைத்து சென்சார் ஒயரையே பிடுங்கினோம். அப்போதும் ஆடின.

பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்த ஏடிஎக்ஸ்எல் 345 என்ற அதிர்வு சென்சார் அசல்தான். ஆனால் அதற்கு மின்சாரம் போகும் ஒயர் மட்டுமே இருந்தது. டேட்டா ஒயர்கள் பசை போட்டு ஒட்டப்பட்டு, போர்டைத் தொடாமலே நின்றன. பெரிய சண்டைக்குப் பிறகு சோர்ஸ் கோடு கொடுத்தார்கள். அதில் ரேண்டம் ஃபங்ஷன் ஒன்று ஏதேதோ எண்களைத் தானாகவே உற்பத்தி செய்துகொண்டிருந்தது. 'ரீசெட்' என்று எழுதிய பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினால் 'பேரிங் பழுது' வரும். அவ்வளவுதான் அந்தக் கருவி!

அறிக்கை இன்னும் கொடுமை. முடிவுகள் அத்தியாயத்தில் இருந்த வரைபடத்தின் அச்சில் 'வெப்பநிலை' என்று இருந்தது. வேறு யாருக்கோ செய்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருந்த சின்ன கன்ட்ரோலர் போர்டான ஆர்டுயினோ உனோவிலேயே 1024 புள்ளி எஃப்எஃப்டி (அளவீடுகளில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரிக்கும் கணக்கு) போட்டதாகவும் எழுதியிருந்தது. அந்த போர்டின் ரேம் வெறும் 2 கேபி. ஒரு புள்ளிக்கு இரண்டு தசம எண்களாக வைத்தால் 1024 புள்ளிக்கு 8 கேபி வேண்டும். தேர்வாளர் இந்த ஒரு வரியைப் பிடித்திருந்தாலே போதும், நாங்கள் அங்கேயே மாட்டியிருப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. அறிக்கையின்படி அவர்கள் எடுத்தது நொடிக்கு 100 அளவீடு. அந்த சென்சாரை அமைப்பு எதையும் மாற்றாமல் ஓட்டினால் கிடைப்பது அதுதான். நொடிக்கு 100 எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வைத்தான் நம்ப முடியும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் மோட்டார் நொடிக்கு 25 சுற்று சுற்றும். 8 குண்டு உள்ள பேரிங்கில் வெளி வளையம் கெட்டால் அதிர்வு ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸில் வரும். ஆக, ஒயரை ஒழுங்காக மாட்டியிருந்தாலும் பழுது தெரிந்திருக்காது. செய்து கொடுத்தவர்களுக்கே இது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் அந்த போர்டையே வைத்து நாங்களே உட்கார்ந்து எழுதினோம். நொடிக்கு 800 அளவீடு, 128 புள்ளி எஃப்எஃப்டி. இதில் பிரிந்து வரும் ஒவ்வொரு அதிர்வெண் கட்டமும் 6.25 ஹெர்ட்ஸ் அகலம் என்பதால், சுழற்சியின் மூன்றாம் மடங்கான 75 ஹெர்ட்ஸையும் பேரிங்கின் 80 ஹெர்ட்ஸையும் தெளிவாகப் பிரிக்க முடியவில்லை. அறிக்கையில் அதை மறைக்காமல் எழுதினோம். வைவாவில் தேர்வாளர் அதிக நேரம் பேசியது அந்தக் குறையைப் பற்றித்தான், அதுவும் ஆர்வமாக.

பணம் திரும்பி வரவில்லை. ரசீதில் 'பயிற்சிக் கட்டணம்' என்று மட்டும் இருந்தது. கருவி, சோர்ஸ் கோடு, அறிக்கை எதுவும் குறிப்பிடப்படவில்லை. "பயிற்சி குடுத்தோமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதனால் எங்கே பணம் கொடுத்தாலும் ரசீதில் இவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கட்டும். முழுப் பணம் கொடுக்கும் முன் சோர்ஸ் கோடு உங்கள் மடிக்கணினியில் இருக்க வேண்டும். அதை அவர்கள் முன்னாலேயே ஒரு வெற்று போர்டில் ஏற்றி ஓட்டச் சொல்லுங்கள். ஹெக்ஸ் ஃபைல் (போர்டில் ஏற்றலாம், ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாத ஃபைல்) மட்டும்தான் தருவோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டெமோவின்போது பட்டன், திருகு எல்லாவற்றையும் நீங்களே தொட்டுப் பாருங்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கட்டும்.