162, 154, 144, 60: கதவடைப்பு வந்தால் பேஸ்பால் சீசனை எங்கே வெட்டலாம்?

மேஜர் லீக் பேஸ்பாலில் உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் 2022 மார்ச்சில் போட்ட கூட்டு ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 டிசம்பர் 1 வரை. அடுத்தது கையெழுத்தாகாமல் கதவடைப்பு வந்து, அது மார்ச்சைத் தாண்டினால் ஏப்ரல் ஆட்டங்கள் கைநழுவும். ரசிகர்கள் ஏற்கெனவே மூன்று அணியாகப் பிரிந்திருக்கிறார்கள். அணிக்கு வழக்கமான 162 ஆட்டமும் நடந்தே தீர வேண்டும் என்பது ஒன்று. 1960களுக்கு முன் இருந்த 154க்குத் திரும்ப இதுதான் சமயம் என்பது இன்னொன்று. எண்பது, நூறு ஆட்டம் போதும், சீசன் முடிவில் முன்னணி அணிகள் பட்டத்துக்கு மோதும் பிளேஆஃபைப் பெரிதாக்குங்கள் என்பது மூன்றாவது.

ஐம்பது ஆண்டு அனுபவம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. எத்தனை ஆட்டம் குறைந்தது என்பதைவிட, எந்த ஆட்டங்களைக் குறைத்தார்கள் என்பதில்தான் சீசன் நிற்பதும் விழுவதும். ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

162ஐ எப்படியாவது முடிப்பது

வழக்கமான சீசன் 186 அல்லது 187 நாள் ஓடும். 162 நாள் ஆட்டத்துக்கும், 4 நாள் ஆல்-ஸ்டார் இடைவேளைக்கும் போக, ஆறு மாதத்துக்கு இருபது, இருபத்தொரு ஓய்வு நாள்தான் மிச்சம்.

ஒரு வாரத் தாமதத்தை இது தாங்கும். 1990இல் 32 நாள் கதவடைப்புக்குப் பிறகு தொடக்கம் ஏப்ரல் 9க்குத் தள்ளிப்போனது. 162 ஆட்டமும் நடந்தது. 2021 டிசம்பர் 2இல் தொடங்கிய கதவடைப்பு 99 நாள் நீண்டு 2022 மார்ச் 10இல் முடிந்தது. மார்ச் 31க்குப் பதில் ஏப்ரல் 7இல் தொடங்கி, கடைசியில் மூன்று நாளைச் சேர்த்து, விட்டுப்போன மற்ற ஆட்டங்களை டபுள்ஹெடராக, அதாவது ஒரே நாளில் இரண்டு ஆட்டமாக, ஆடி முடித்தார்கள். மொத்தம் 182 நாளில் 162.

இரண்டு வாரம் போனால்? அணிக்குச் சுமார் 13 ஆட்டம் பாக்கி. கடைசியில் நான்கு நாள் சேர்க்கலாம், நான்கு ஓய்வு நாளை எடுத்துக்கொள்ளலாம், ஐந்து டபுள்ஹெடர் போடலாம். காகிதத்தில் கணக்கு சரியாக வரும். மைதானத்தில்தான் உடையும், ஏனென்றால் ஓய்வு நாள் என்பது மழைக்காக வைத்திருக்கும் சேமிப்பு. 2023 முதல் ஒவ்வோர் அணியும் மற்ற 29 அணிகளையும் சந்திக்கிறது. அணிகள் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக்காகவும், லீக்குக்குள் டிவிஷன்களாகவும் பிரிந்தவை; எதிர் லீக்கின் பெரும்பாலான அணிகளோடு ஆண்டுக்கு ஒரே ஒரு தொடர், ஒரே ஊரில். அது மழையில் போனால், அந்த ஓர் ஆட்டத்துக்காக விருந்தினர் அணி இன்னொரு ஓய்வு நாளில் நாட்டின் மறுகோடியிலிருந்து பறந்து வர வேண்டும். ஓய்வு நாளே இல்லாமல் 20 நாளுக்கு மேல் தொடர்ந்து ஆட்டம் போடக்கூடாது என்று ஒப்பந்தமும் கட்டிப்போடுகிறது.

அடுத்து பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள். ஐந்து பேர் கொண்ட சுழற்சியில் ஒரே நாளில் இரண்டு தொடக்கப் பிட்சர்கள் செலவானால், ஐந்து நாள் கழித்து ஓர் இடம் காலியாக நிற்கும். அந்த நாளில் புல்பென் என்ற மாற்றுப் பிட்சர் குழுவிலிருந்து நான்கைந்து பேர் ஒன்பது இன்னிங்ஸை இழுத்துக்கொண்டு போவார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர்கள் கை சோர்ந்திருக்கும். டபுள்ஹெடருக்கு வழக்கமான 26 பேரோடு 27ஆவது வீரரைச் சேர்க்க அனுமதி உண்டு, ஆனால் அது அந்த ஒரு நாளுக்குத்தான். பிட்சர் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர்கள் பெரும்பாலும் இரண்டு ஆட்டமும் உட்கார்ந்து பிடிப்பதில்லை.

பயிற்சிக் காலம் சுருங்குவதை ரசிகர்கள் குறைத்தே எடைபோடுகிறார்கள். 2022இல் நான்கு வாரத்துக்கும் குறைவான பயிற்சியோடு சீசன் தொடங்கியதால் மே 1 வரை 28 பேரை வைத்துக்கொள்ள விட்டார்கள். ஏப்ரல் 13 அன்று மினியாபொலிஸில் டாட்ஜர்ஸ் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸ் ஏற விடவில்லை. 80 பந்தோடு அவரை வெளியே எடுத்தார்கள். எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் கை இன்னும் முழுதாகத் தயாராகாத ஏப்ரலில் அது சரியான முடிவு.

ஏழு இன்னிங்ஸ் டபுள்ஹெடர் என்ற குறுக்குவழியை 2020, 2021இல் பார்த்துவிட்டோம். பிட்சர் மேடிசன் பம்கார்னர் அப்படி ஓர் ஆட்டத்தில் ஒரு ஹிட்கூடத் தராமல் முடித்தும் அது ‘நோ-ஹிட்டர்’ பட்டியலில் ஏறவில்லை. நோ-ஹிட்டருக்குப் பதிவேடே போதுமென்று ஏற்காத ஆட்டத்தை வைத்து 162 என்று எண்ணுவதில் பொருளில்லை.

வீரர்கள் 162ஐ விடாமல் பிடிப்பதற்குச் சம்பளம் பாதிக் காரணம். மீதிப் பாதி ‘சர்வீஸ் டைம்’, அதாவது மேஜர் லீக்கில் இருந்த நாள்களின் கணக்கு. 172 நாள் சேர்ந்தால் ஓர் ஆண்டு. ஆறு ஆண்டு சேர்ந்தால் ஃப்ரீ ஏஜென்சி, அதாவது எந்த அணியோடும் பேரம் பேசும் உரிமை. நாள்கள் வெட்டுப்பட்டு ஓர் ஆண்டு கணக்கில் ஏறாவிட்டால், இருபத்தெட்டு வயதில் சந்தைக்கு வரவேண்டியவர் இருபத்தொன்பதில்தான் வருவார்.

போனது போகட்டும் என்று விட்டுவிடுவது

இருப்பதிலேயே மோசமான வழி இது. 1972 ஏப்ரலில் 13 நாள் வேலைநிறுத்தத்தில் 86 ஆட்டம் ரத்தானது. ஆடாத நாளுக்குச் சம்பளம் தர உரிமையாளர்கள் மறுத்ததால் அவற்றைத் திரும்ப நடத்தவில்லை. எந்த அணிக்கு எத்தனை போனது என்பது அந்தந்த வார அட்டவணையின் தற்செயல். டெட்ராய்ட் 86-70 (86 வெற்றி, 70 தோல்வி), பாஸ்டன் 85-70. டெட்ராய்ட் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடி, தோல்வி சமம், வெற்றி ஒன்று அதிகம் என்ற ‘அரை ஆட்ட’ வித்தியாசத்தில் டிவிஷனை எடுத்துக்கொண்டது.

சீசனை இரண்டாகப் பிளப்பது

1981இல் ஜூன் 12 தொடங்கிய வேலைநிறுத்தம் 713 ஆட்டங்களை விழுங்கியது. வேலைநிறுத்தத்துக்கு முன் முதலிடத்தில் இருந்தவர் முதல் பாதி வெற்றியாளர், அதற்குப் பின் முதலிடம் பிடிப்பவர் இரண்டாம் பாதி வெற்றியாளர், இருவரும் பிளேஆஃபுக்கு என்றார்கள்.

விளைவு இரண்டு. முதல் பாதியை வென்றவர்களுக்கு மீதி சீசனில் ஆட எதுவும் மிச்சமில்லை. யாங்கீஸ் இரண்டாம் பாதியில் 25-26. இரண்டாவது இன்னும் கொடுமை. மொத்தத்தில் 66-42 என்று பேஸ்பாலிலேயே சிறந்த கணக்கு வைத்திருந்த சின்சினாட்டி பிளேஆஃபுக்குப் போகவில்லை. முதல் பாதியில் டாட்ஜர்ஸ் 36-21, சின்சினாட்டி 35-21: மறுபடியும் சமமில்லாத ஆட்ட எண்ணிக்கை, மறுபடியும் அரை ஆட்டம். செயின்ட் லூயிஸுக்கும் இதே கதி: இரண்டாம் பாதியில் மாண்ட்ரியால் 30-23, அவர்கள் 29-23. தங்கள் டிவிஷனில் மொத்தமாக முதலிடம் பிடித்தும் வீட்டுக்குப் போனார்கள்.

நடுவில் சீசன் நின்றால் இதை இன்னும் சிலர் முன்மொழிகிறார்கள். அந்த இரண்டு அணிகளின் கணக்கைப் பார்த்தபிறகு இதை ஆதரிக்க வழியே இல்லை.

அறுபதும் அதன் உறவினர்களும்

2020 பெருந்தொற்று ஆண்டு. சங்கம் 114 ஆட்டம் கேட்டது, பிறகு 89, பிறகு 70. உரிமையாளர்கள் 82இல் தொடங்கிப் படிப்படியாக இறங்கினார்கள். உடன்பாடு வரவில்லை, கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் 60ஐ அறிவித்தார். ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் கணக்கானதால் வீரர்களுக்குக் கிடைத்தது முழுச் சம்பளத்தில் 37 சதவீதம். ரசிகர் இல்லாத மைதானத்தில் ஆட்டம் கூடக்கூட நட்டம் என்றது உரிமையாளர் தரப்பு. தேசியத் தொலைக்காட்சியின் பெரும்பணம் அக்டோபரில் வருகிறது. வீரர்களின் சம்பளமோ செப்டம்பரோடு முடிகிறது. குறுகிய சீசன், பெரிய பிளேஆஃப் என்ற யோசனை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

விளையாட்டாகப் பார்த்தால், 162 ஆட்டத்தில் சராசரி அணி ஒன்றை அதிர்ஷ்டம் மட்டுமே இருபக்கமும் ஆறு வெற்றி அளவுக்கு ஆட்டிவைக்கும். 60 ஆட்ட சீசனை 162இன் அளவுக்கு விரித்தால் அதே ஊசலாட்டம் பத்து வெற்றிக்கு மேல். 2019இல் முதல் 50 ஆட்டத்தில் 19-31 என்று கிடந்த வாஷிங்டன்தான் அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரை வென்றது. 2020இல் 16 அணி பிளேஆஃபில் 29-31 கணக்கோடு ஹூஸ்டனும் மில்வாக்கியும் நுழைந்தன.

பயணத்தைக் குறைக்க 40 ஆட்டம் சொந்த டிவிஷனோடு, 20 எதிர் லீக்கின் அதே பகுதி அணிகளோடு என்று அட்டவணை போட்டார்கள். தொற்றுக்கு அது சரி. ஆனால் ஒரே லீக்கில் பிளேஆஃபுக்குப் போட்டியிடும் இரண்டு அணிகள் ஒன்றையொன்று சந்திக்காமலே ஒப்பிடப்பட்டன. தொழில் தகராறுக்காக இதைத் திரும்பச் செய்யக்கூடாது.

144: குறைத்தாலும் முறையாக

1994 ஆகஸ்ட் 12இல் தொடங்கிய வேலைநிறுத்தம் அந்த ஆண்டின் வேர்ல்ட் சீரிஸையே கொன்றது. 1995 மார்ச் 31இல் நீதிபதி சோனியா சோட்டோமேயர் உரிமையாளர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு தந்த பிறகு, ஏப்ரல் 2இல் அது முடிந்தது. மூன்று வாரப் பயிற்சி, ஏப்ரல் 25இல் தொடக்கம், எல்லா அணிக்கும் 144 என்று திருத்திய அட்டவணை. அக்டோபர் 1 வரை 160 நாள். சியாட்டிலும் கலிபோர்னியா ஏஞ்சல்ஸும் 78-66 என்று சமமாக முடித்து, தனி ஆட்டத்தில் மோதித் தீர்த்துக்கொண்டன. அரை ஆட்டப் புலம்பலுக்கு இடமே இல்லை.

154: நல்ல எண், தவறான நேரம்

எட்டு அணி லீக்கில் ஏழு எதிராளிகளோடு 22 ஆட்டம், ஆக 154. பத்து அணியானதும் ஒன்பது பேரோடு 18, ஆக 162. அமெரிக்கன் லீக்கில் 1961இலும் நேஷனல் லீக்கில் அடுத்த ஆண்டும் வந்தது. 162க்கு வேறு எந்தப் புனிதமும் இல்லை. இன்றைய 30 அணிக்கு 154 இன்னும் ஒழுங்காகப் பொருந்துகிறது: டிவிஷனில் நான்கு பேரோடு 12 வீதம் 48, லீக்கின் மற்ற பத்துப் பேரோடு 6 வீதம் 60, எதிர் லீக்கில் பக்கத்து ஊர்ப் போட்டியாளரோடு 4, மற்ற 14 பேரோடு 3 வீதம் 42. சொந்த மண்ணில் 77, வெளியே 77. இப்போது டிவிஷன் எதிராளியோடு 13 என்ற ஒற்றைப்படையால் வரும் கோணல் இதில் இல்லை.

இழப்பு அணிக்கு நான்கு உள்ளூர் ஆட்டம், மொத்தத்தில் 120. ஆட்டக் கணக்கில் சம்பளம் குறைந்தால் 4.9 சதவீதம், 2026இன் குறைந்தபட்சச் சம்பளமான 7,80,000 டாலரில் 38,500 டாலர் போகும். சங்கம் அதை ஏற்காது, ஏற்கவும் கூடாது. அணிகள் 32 ஆகும்போது அட்டவணையை எப்படியும் பிரித்துப்போட வேண்டியிருக்கும். சம்பளம் குறையாமல் 154க்கு மாற அதுதான் சமயம்.

மேலே வந்த 48, 60 இரண்டையும் கவனியுங்கள். கூட்டினால் 108. பிளேஆஃப் இடங்கள் லீக்குக்குள்தான் முடிவாகின்றன. எனவே லீக்குக்குள் ஆடும் இந்த 108ஐத் தொடக்கூடாது. வெட்டுவதெல்லாம் எதிர் லீக் ஆட்டங்களில்தான் விழ வேண்டும். எதிர் லீக்கில் 46 என்றால் 154. பக்கத்து ஊரோடு 6, இன்னும் பத்து அணிகளோடு 3 வீதம் என்று 36 ஆக்கினால் 144. பக்கத்து ஊர் 6 மட்டும் என்றால் 114, அதாவது 2020இல் சங்கம் கேட்ட அதே எண்.

ஏப்ரல் 10க்குள் தொடங்க முடிந்தால் 162, ஏப்ரல் கடைசி என்றால் 144, ஜூன் 1 என்றால் 114: இந்த மூன்று அட்டவணைகளையும் அடுத்த ஒப்பந்தத்தில் பின்னிணைப்பாகவே சேர்த்துவிடலாம். கூடவே, சீசன் சுருங்கும் அதே விகிதத்தில் 172 நாள் என்ற வரம்பும் சுருங்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டால், சர்வீஸ் டைமுக்காகவே எண்ணிக்கையில் அடம்பிடிக்க வேண்டிய நிலை சங்கத்துக்கு இருக்காது.