ஹவுரா பாலத்தைப் படமெடுக்க லாஞ்ச் ஏறுங்கள்

கொல்கத்தா போகிறவர்களில் பெரும்பாலோர் ஹவுரா பாலத்தை எடுப்பது மல்லிக் காட் பூச்சந்தையில் நின்றுதான். முன்னால் சாமந்தி மாலைக் குவியல், பின்னால் பாலம். நல்ல படம், மறுக்கவில்லை, ஆனால் அதே படம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. பாலத்தின் மேலே நடந்துபோய் எடுக்கலாம் என்றால் பஸ்ஸும் கூட்டமும்தான் படத்துக்குள் வரும், கேமராவைத் தூக்கினால் காவலர்கள் தடுப்பதும் உண்டு. என்னைக் கேட்டால், ஹவுரா ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள படித்துறையில் பாக்பஜார் போகும் லாஞ்சை, அதாவது பயணிகள் படகை, பிடியுங்கள். டிக்கெட் டீக்காசுதான்.

அந்தப் படித்துறை, அதாவது ஹவுரா ஜெட்டி, இருப்பது பாலத்துக்குத் தெற்கே. அஹிரிடோலா, ஷோவாபஜார், பாக்பஜார் துறைகள் எல்லாம் வடக்கே. அதனால் லாஞ்ச் பாலத்துக்கு அடியில் புகுந்துதான் போயாக வேண்டும். பாபு காட் போகும் லாஞ்சில் ஏறிவிட்டால் அது தெற்கே போய்விடும், ஏறும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹூக்ளி ஆற்றின் நடுவிலிருந்து பார்த்தால்தான் இந்தப் பாலம் எப்படி நிற்கிறது என்பதே விளங்குகிறது. 1943இல் திறந்தது, இரண்டு கோபுரங்களுக்கு இடையே ஏறத்தாழ 457 மீட்டர் (1,500 அடி), தண்ணீருக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டு பக்கத்திலிருந்தும் கை நீட்டியதுபோல் 468 அடிக்கு ஒவ்வொரு இரும்புச் சட்டகம் வருகிறது, அவை இரண்டும் சேர்ந்து நடுவில் 564 அடித் துண்டு ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. சாலையோ அந்தச் சட்டகத்திலிருந்து இரும்புத் தொங்கிகளில் தொங்குகிறது. மேலே நடக்கும்போது இது கண்ணில் படவே படாது, லாஞ்சிலிருந்து 70-200 ஜூம் லென்ஸில் நெருங்கிப் பாருங்கள், தொங்கிகள் வரிசையாக இறங்குவதும், பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் போகும் ஆட்கள் அவற்றுக்கு இடையே தெரிந்து மறைவதும் ஒரே படத்தில் கிடைக்கும். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது அதுதான். பாலத்தின் பிரமாண்டத்தைச் சொல்ல அந்த ஆட்களின் சின்ன உருவம் போதும்.

அடியில் நுழையும் நேரம் மிகக் கொஞ்சம். அகல லென்ஸை முன்கூட்டியே மாட்டி, அண்ணாந்து பார்க்கத் தயாராக நில்லுங்கள். நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டிய பாலம் இது, 26,500 டன் எஃகு, அதில் 23,000 டன் டாடா கொடுத்தது. குறுக்கு உத்தரங்களில் ரிவெட் தலைகள் வரிசை வரிசையாக ஓடுவது தெரியும். வெளியே வெயில், உள்ளே இருட்டு என்பதால் கேமராவை ஆட்டோ மோடில் விட்டால் படம் கெட்டுப்போகும், இருட்டுக்கு ஏற்றபடி எக்ஸ்போஷரை வைத்து விளிம்பு வெளுத்தாலும் பரவாயில்லை என்று விடுங்கள்.

அப்புறம் வெளிச்சம். குளிர்காலத்தில் சூரியன் தெற்குச் சாய்வில் இருப்பதால் பாலத்தின் தெற்கு முகம்தான் ஒளி வாங்கும், ஆகவே ஜெட்டியை விட்டுக் கிளம்பியதுமே எடுக்க ஆரம்பித்துவிடுங்கள். தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தால் எதிர்வெயில், நிழலுருவம் வேண்டுமென்றால் அதுதான் இடம், அந்தப் பக்கத்திலிருந்து தூரத்தில் வித்யாசாகர் சேதுவும் படத்துக்குள் வரும். 1992இல் திறந்த அந்தக் கம்பிவடப் பாலத்தின் நடு இடைவெளியும் கிட்டத்தட்ட இதே 457 மீட்டர்தான். பழையதையும் புதியதையும் ஒரே படத்தில் அடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. குளிர்காலக் காலைகளில் மூடுபனியும் புகையும் சேர்ந்து எல்லாமே மங்கலாகிவிடும், கொஞ்சம் வெயில் ஏறட்டும்.

குறை என்று பார்த்தால் என்ஜின் அதிர்வு. கம்பியில் கையை ஊன்றினால் அதிர்வு அப்படியே கேமராவுக்கு வரும், உடம்போடு முழங்கையை ஒட்டிக்கொண்டு ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல் எடுங்கள். ஜெட்டியும் மிதவைதான், டிரைபாட் வைத்தால் அதுவும் ஆடும், அதனால் இரவு விளக்கு வெளிச்சத்தில் நீள எக்ஸ்போஷர் எடுக்க நினைப்பவர்கள் கரையில் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொள்வது நல்லது. அலுவலக நேரத்தில் ஏறினால் ஓரத்தில் இடமே கிடைக்காது. வேலைக்குப் போகிறவர்களின் வண்டி அது, கேமராவுக்காக அவர்களை நகரச் சொல்வதும் முறையல்ல. காலை நெரிசல் அடங்கியபின் போங்கள்.

பாக்பஜார் வரை போக வேண்டியதுகூட இல்லை. அஹிரிடோலாவில் இறங்கி அடுத்த லாஞ்சில் திரும்பினால் பாலத்துக்கு அடியில் இரண்டாவது தடவையும் போய்விடலாம்.