டர்போ போய்விட்டது என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்

ஒன்றரை மாதச் சம்பளம் போச்சு. எப்படிப் போனது என்பது நேற்று மாலைதான் தெரிந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது டீசல் கார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள வண்டி. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மூன்று வாரமாகப் பிக்கப் இல்லை. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஒரு குறையும் கிடையாது, சமதளத்தில் மெதுவாகப் போனாலும் தொந்தரவு இல்லை. முன்னால் போகும் வண்டியை முந்தலாம் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும், 2000 ஆர்பிஎம் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். கரும்புகை வேறு. பானெட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று காற்று சீறும். கொஞ்ச நேரத்தில் செக் எஞ்சின் விளக்கு எரியும், அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிறிது தூரத்துக்கு ஒழுங்காக ஓடும்.

இது அத்தனையையும் சொன்னேன். அந்த 'உஸ்ஸ்' சத்தத்தை மூன்று தடவை சொன்னேன். ஜாப் கார்டில் "பிக்கப் குறைவு" என்று இரண்டே வார்த்தை எழுதிக்கொண்டார்கள்.

எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப் அது. கண்ணாடி அறை, சீருடை, உள்ளே நுழைந்ததும் தண்ணீர் பாட்டில். அங்கிருந்தவர் ஸ்கேனரைச் செருகி, திரையை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார், பி0299. டர்போ அண்டர்பூஸ்ட். நான் சொல்லல, மெஷின் சொல்லுது. வேற இடமா இருந்தா இன்ஜெக்டர்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மாத்தச் சொல்லியிருப்பாங்க."

இங்கேதான் விழுந்தேன். மெஷின் பொய் சொல்லாது, பார்த்தீர்களா! சரி, மாற்றிவிடுங்கள் என்று அங்கேயே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கோடு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழைக் குறியீடு, சொல்வது என்ன என்று இப்போதுதான் புரிகிறது. எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் மோட்டார்தான் போய்விட்டது என்று அர்த்தமா? வழியில் குழாய் உடைந்திருக்கலாம் இல்லையா? டர்போவிலிருந்து, அந்தச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருந்தாலும் இதே கோடுதான். கிளாம்ப் தளர்ந்திருந்தாலும், இன்டர்கூலர் கசிந்தாலும், டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் சிக்கிக்கொண்டாலும் இதேதான். மெஷின் சொன்னது ஒன்று, அவர் படித்துக் காட்டியது இன்னொன்று.

ஐந்து நாள் கழித்து வண்டி வந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்கள். விளக்கு எரியவில்லை, பறந்தது. மீதிப் பணத்தையும் கட்டினேன். ஆக மொத்தம் ஒன்றரை மாதச் சம்பளம். பில்லில் "டர்போ வேலை" என்று ஒரே வரி, பாக எண் கிடையாது. கழற்றிய பழைய டர்போ எங்கே என்றதற்கு, "எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிட்டோம் சார்" என்றார்கள்.

மூன்றாம் நாள் ஒரு ஏற்றத்தில் மிதித்தேன். அதே இழுப்பு, அதே புகை, அதே உஸ்ஸ்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "புது டர்போ செட் ஆகணும் சார், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க." அடுத்த தடவை, "டீசல் எங்க போட்டீங்க?" அதற்கடுத்து மெக்கானிக் லீவு. பிறகு ஃபோனையே எடுக்கவில்லை.

நேற்று வேறொரு சின்ன பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் முதலில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. உதவியாளரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தார். ஹோஸின் அடிப்பக்கமாகக் கையை விட்டுத் தடவி வெளியே எடுத்தால் விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளங்கை நீளத்துக்குக் கிழிசல். சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டிருக்கும், அழுத்தம் ஏறினால் வாயைப் பிளக்கும். உள்ளே போக வேண்டிய காற்று வெளியே போகிறது, டீசல் எரியக் காற்று பற்றவில்லை, அதனால்தான் கரும்புகை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். டார்ச் அடித்து டர்போவைக் காட்டினார். போல்ட்டுகளில் வருஷக்கணக்கான துரு, அதன் மேல் தூசி. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பிறகு ஸ்கேனர் போட்டுக் கோடு அழித்ததிலிருந்து ஓடிய தூரத்தைப் பார்த்தார். 214 கிலோமீட்டர். பில்லில் இருந்த ஓடோமீட்டர் கணக்கோடு சரியாகப் பொருந்தியது. வேலை முடித்தபின் கோடு அழிப்பது தப்பில்லை. இங்கே வேலையே அது மட்டும்தான். ஒரு பட்டனை அழுத்தியதற்கு ஒன்றரை மாதச் சம்பளம்.

ஹோஸ் மாற்ற அரை மணி நேரம் ஆனது. செலவு என் ஒரு நாள் சம்பளம்கூட இல்லை.

பிக்கப் போனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். கோடு அழிக்கும் முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் எனக்கு வேண்டும் என்று வேலைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். எந்த ஏற்றத்தில் திணறியதோ அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஹோஸ் மூன்றையும் பார்க்காமல் பெரிய பாகத்தின் பெயரைச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் முதலில் கிளட்ச்சைப் பாருங்கள்.

இன்று காலை வேறொரு எண்ணிலிருந்து அந்த ஒர்க்‌ஷாப்பைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "வெளிய கை வச்சுட்டீங்களே சார், டர்போவுக்கு இனி வாரண்டி கிடையாது" என்றார். எந்த டர்போவுக்கு என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டார்.