கட்டுமானத் தள வரைபடச் சேவை: ஓராண்டு அனுபவம்

சென்னை மேடவாக்கத்தில் ஐந்து கிரவுண்டு மனையில் நாங்கள் கட்டிவரும் நான்கு மாடிக் குடியிருப்புக்காக, எந்தப் பொருளை எங்கே இறக்குவது, வண்டி எவ்வழியே வந்து திரும்புவது, ஆட்கள் எங்கே நடப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே வரைந்து தரும் ஆலோசனை நிறுவனம் ஒன்றைச் சென்ற ஆண்டு அமர்த்தினோம். அஸ்திவாரம், கான்கிரீட், பூச்சு என ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒன்றாக மூன்று வரைபடங்கள் தந்தார்கள்.

கொடுத்த பணத்திற்குப் பெரும்பயன் கம்பி வேலையில்தான் கிடைத்தது. எங்கள் மேஸ்திரி வழக்கம்போல் கம்பியை வெட்டி வளைக்கும் பட்டறையை மனையின் பின்மூலையில் போட நினைத்திருந்தார். அப்படிச் செய்திருந்தால், 12 மீட்டர் கம்பியை இருவர் தோளில் சுமந்து பள்ளத்தை ஒட்டியே பின்னால் கொண்டுபோய், வெட்டி வளைத்தபின் மறுபடியும் முன்பக்கத்தில் பொருளை மாடிக்கு ஏற்றும் ஹாயிஸ்டுக்குத் தூக்கி வர நேர்ந்திருக்கும். முன்னால் செல்பவர் திரும்பும்போது கம்பியின் பின்முனை யார்மீது இடிக்கும் என்பது அவருக்கே தெரியாது. வரைபடத்தில் பட்டறை, மனையின் வாயிலுக்கும் ஹாயிஸ்டுக்கும் இடையே வந்துவிட்டது.

தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இவற்றுள் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும் என்ற பாதுகாப்பு விதியைத் தாளோடு விடாமல், தரையில் சுண்ணாம்புக் கோடாகவே போட்டுக் காட்டினார்கள். சிமெண்ட் கொட்டகையிலும் குறையில்லை: பத்து மூட்டைக்கு மேல் அடுக்கு ஏறவில்லை, சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது, முதலில் வந்த மூட்டை முதலில் வெளியேற இரண்டு கதவுகளும் இருந்தன.

ஆனால் மனையை அவர்கள் அளந்தது மே மாதத்தில். இந்தப் பக்கம் கட்டடம் கட்டுபவர் எவரும் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்றுதான் முதலில் கேட்பார். அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) குவியலுக்கு அவர்கள் குறித்த இடமே மனையில் தாழ்ந்த மூலை. ஐப்பசி மழையில் அங்கே முழங்காலளவு தண்ணீர் தேங்கி, ஒரு லோடுக்குக் குறையாத மணல் தெருக் கால்வாயில் போய்ச் சேர்ந்தது. வரைபடத்தைத் திருத்தித் தரக் கேட்டபோது தனிக் கட்டணம் என்றார்கள்; ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தால், அது எழுதப்பட்டுத்தான் இருந்தது.

ஆகவே, இத்தகைய சேவையை அமர்த்துபவர்கள் தரையின் மேடுபள்ளத்தைக் காட்டும் மட்ட அளவுகளையும் வடிகாலையும் முதல் வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லி, ஒரு திருத்தமாவது கட்டணத்திற்குள் அடங்குமாறு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எங்கள் எம்-சாண்டை மேஸ்திரி மேட்டுப் பக்கம் மாற்றி, சுற்றிலும் இரண்டு வரிசை சாலிட் பிளாக் அடுக்கிவிட்டார்.