திரிஃப்ட் கடை: நகர மையமா, சுற்றியுள்ள சிற்றூரா?

நடுத்தர நகரம் ஒன்றில் இருப்பவர் பழைய துணியோ வீட்டுப் பொருளோ வாங்க நினைத்தால் பெரும்பாலும் நான்கு வகைக் கடைகள் கைக்கெட்டும். ஒன்று, நகர மையத்தில் பெரிய தொண்டு நிறுவனம் நடத்தும் கிளை. இரண்டாவது, பொருளுக்குச் சொந்தக்காரர் கொடுத்ததை விற்றுப் பணத்தை அவரோடு பங்கிடும் கன்சைன்மென்ட் கடை. மூன்றாவது, விற்காமல் மிஞ்சியதைத் தொட்டிகளில் கொட்டி எடைக்கு விற்கும் கடை. கடைசியாக, நகரத்திலிருந்து அரை மணி, முக்கால் மணி தூரத்துச் சிற்றூரில் கிளை எதுவும் இல்லாமல் தனியாக நடக்கும், நன்கொடையாக வரும் பழைய பொருளை விற்கும் திரிஃப்ட் கடை. என் ஓட்டு இந்தக் கடைசி வகைக்குத்தான். சில பொருள்களுக்கு மற்றவையே மேல்; அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

மையத்தில் விலை கொஞ்சம் கூடும், வெளியே குறையும். ஒரே ஒரு சட்டைக்காக நாற்பது கிலோமீட்டர் போனால் எரிபொருள் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். இதெல்லாம் எல்லோரும் போடும் கணக்கு. தரத்தைத் தீர்மானிப்பது வேறொன்று: சரக்கு எந்த வாசல் வழியாகக் கடைக்குள் வருகிறது, அதை எங்கே வைத்துப் பிரிக்கிறார்கள் என்பது.

எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் 1902இல் அமெரிக்காவின் பாஸ்டனில் குட்வில் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது, வசதியானவர்கள் வாழும் பகுதிகளில் பழைய துணியையும் சாமான்களையும் திரட்டினார். வேலையில்லாதவர்களைக் கொண்டு அவற்றைச் செப்பனிட்டு விற்றார். இந்தத் தொழிலின் அடிப்படை இன்றும் அதுதான். கடையின் தரம் அங்கே பொருள் கொடுப்பவர்களின் வீட்டைப் பொறுத்தது. நல்ல துணி வாங்கி, பத்திரமாக வைத்திருந்து, வீட்டை ஒழிக்கும்போது மொத்தமாகக் கொடுக்கும் குடும்பங்கள் எங்கே இருக்கின்றனவோ, அதற்கு அருகிலுள்ள கடையில்தான் நல்ல சரக்கு விழும்.

ஆனால் பல கிளைகள் உள்ள நிறுவனங்களில் இந்தத் தொடர்பு அறுந்துபோவது உண்டு. கிளையில் கொடுத்த பை லாரி ஏறி மையக் கிடங்குக்குப் போகிறது. அங்கே விலைபோகக்கூடிய நகை, கேமரா, பெயர்பெற்ற பிராண்டுத் துணி முதலியவற்றைத் தனியே எடுத்து இணையத்தில் விற்கிறார்கள். குட்வில்லுக்கு 1999 முதலே சொந்த ஏலத் தளம் இருக்கிறது. மிஞ்சியதைக் கிளைகளுக்குப் பங்கிடுகிறார்கள். அதனால் வசதியான பகுதியில் இருக்கும் கிளையிலும் சாதாரணப் பகுதிக் கிளையிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான் தொங்கும். "பணக்கார ஏரியாவில் போய்த் தேடு" என்ற அறிவுரை இத்தகைய கடைகளில் பொய்த்துப்போவது இதனால்தான். நன்கொடையைத் தன் பின்வாசலிலேயே வாங்கி, அங்கேயே பிரித்து, அன்றோ மறுநாளோ ரேக்கில் மாட்டும் கடையில்தான் அந்த அறிவுரை பலிக்கும்.

ஒரு கடை எந்த வகை என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. பின்பக்கம் போய்ப் பாருங்கள்: பொருள் இறக்கும் கதவும், அதன் உள்ளே மேசை போட்டுத் துணி பிரிக்கும் ஆட்களும் இருந்தால் சரக்கு உள்ளூர்ச் சரக்கு. உள்ளே டேக் கையால் எழுதியிருந்தாலோ சாதாரண விலை ஒட்டியாக இருந்தாலோ அதுவும் நல்ல அறிகுறி. பார்கோடும் குறியீட்டு எண்ணும் அச்சிட்டிருந்தால் கிடங்கிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ரேக்கில் ஒரே மலிவுப் பிராண்டின் ஒரே டிசைன் நாலைந்து அளவுகளில், கடை டேக் கூடக் கழற்றாமல் தொங்கினால், அது யார் வீட்டு அலமாரியிலிருந்தும் வந்ததல்ல. ஏதோ கடையில் தேங்கி நின்ற புதுச் சரக்கு. சந்தேகம் தீரவில்லையா? கல்லாவில் இருப்பவரிடம் "இங்கே கொடுக்கிற சாமான் இங்கேயே விற்பனைக்கு வருமா?" என்று கேளுங்கள். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை, சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது சுழற்சி. பல கடைகள் வாரத்துக்கு ஒரு நிற டேக் போடுகின்றன. நான்கைந்து வாரத்தில் ஒரு சுற்று முடியும்; விற்காத பழைய நிறத்துக்கு முதலில் தள்ளுபடி, பிறகு ரேக்கிலிருந்தே நீக்கம். உள்ளே நுழைந்ததும் ஒரே ரேக்கில் இருபது உருப்படிகளின் டேக் நிறத்தைப் பாருங்கள். எல்லா நிறங்களும் கலந்திருந்தால் புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கிறது. இன்று தள்ளுபடியில் இருக்கும் நிறமே பாதிக்கு மேல் தெரிந்தால் கடை தேங்கிவிட்டது. அடுத்த மாதமும் இதையேதான் பார்ப்பீர்கள். சிறு கடைகள் சிலவற்றில் நிற டேக் முறையே கிடையாது. அங்கே பருவத்தை வைத்துக் கணிக்கலாம்: வெயில் உச்சத்தில் முழு ரேக்கும் கம்பளிக் கோட்டாக இருந்தால் யாரும் சரக்கை மாற்றவில்லை என்று பொருள்.

சிற்றூர்க் கடையில் எனக்குப் பிடித்தது அங்கே வரும் பொருள்களின் வயது. வயதானவர்கள் பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு மாறும்போது, அல்லது அவர்கள் காலமான பின் பிள்ளைகள் வீட்டை ஒழிக்கும்போது, முப்பது நாற்பது ஆண்டுச் சாமான் ஒரே நாளில் வந்து சேரும். கனமான பருத்தி விரிப்புகள், லினன் மேசைத்துணி, முழுக் கம்பளி ஸ்வெட்டர், வார்ப்பிரும்பு வாணலி, கைக்கருவிகள், உலோக உடல் கொண்ட தையல் இயந்திரம் போன்றவை நகர மையத்தில் அரிது. மையத்தில் கொடுப்பவர்கள் இளையவர்கள், அடிக்கடி வீடு மாறுபவர்கள். அவர்கள் கொடுப்பது இரண்டே பருவம் உடுத்திய பாலியெஸ்டர் கலப்புத் துணி. அதிலும் நல்லது கண்ணில் பட்டால் மறுவிற்பனை செய்பவர்கள் கடை திறந்த அரை மணியில் எடுத்துவிடுவார்கள். சிற்றூருக்கு அவர்கள் வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். நகரத்தில் போல் தினமும் வருவதில்லை, அவ்வளவே.

பழைய சரக்கு என்பதால் சோதனையும் கூடுதலாக வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்துப்பூச்சி தின்ற ஊசித்துளைகளும் நைந்த இடங்களும் தெரியும். அக்குள், காலர் மடிப்பு, கால்சட்டையின் தொடைச் சந்து ஆகிய மூன்றும் முதலில் போகும் இடங்கள். எலாஸ்டிக்கை இழுத்துக் காதருகே வையுங்கள். நறநறவென்று சத்தம் கேட்டால் ரப்பர் செத்துவிட்டது. ஜிப்பை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள்: ஓட்டி மட்டும் பழுதென்றால் மாற்றலாம், பல் உடைந்திருந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும், அந்தக் கூலிக்கு இன்னொரு துணியே வாங்கிவிடலாம். சுருங்கி அட்டைபோல் இறுகிய கம்பளியை எந்த வைத்தியமும் மீட்காது. அந்துருண்டை வாடை காற்றில் தொங்கவிட்டால் சில வாரத்தில் குறையும். பூஞ்சை வாடையோ லைனிங்குக்குள் இறங்கியிருந்தால் லேசில் விடாது.

காலணியில் ஏமாறுவது எளிது. பார்க்கப் புதிதாக இருக்கும். ஆனால் பாலியூரித்தேன் அடிப்பாகம் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் சிதைந்துகொண்டே இருக்கும், நாலு எட்டு நடந்ததும் பொடிப்பொடியாக உதிரும். விரல் நகத்தால் அழுத்துங்கள். குழி விழுந்து மீளாவிட்டாலோ பிசுக்கென்று ஒட்டினாலோ வைத்துவிடுங்கள். பழைய கைப்பைகளின் உட்புறப் பூச்சும் செயற்கைத் தோல் ஜாக்கெட்டும் இப்படித்தான் கெடும்.

அளவு லேபிளை நம்ப வேண்டாம். பத்தாண்டுக்குப் பத்தாண்டு, பிராண்டுக்கு பிராண்டு அளவு மாறுகிறது. உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள், தோள், கை நீளம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கால்சட்டைக்கு இடுப்பு, தொடைச் சந்திலிருந்து இடுப்பு வரை முன்புற உயரம், அதே சந்திலிருந்து கீழ் விளிம்பு வரை உட்கால் நீளம். டேப் ஒன்று பையில் இருந்தால் உடை மாற்றும் அறைக்குப் போகாமலே முக்கால்வாசி ரேக்கைக் கழித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் துணியை அலமாரியில் வைக்காதீர்கள். சூடு தாங்கும் துணியை உலர்த்தி இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் அரை மணி ஓட்டினால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் சாகும். சூடு தாங்காததைப் பையில் கட்டி −18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் குறைந்தது நான்கு நாள் வைக்கலாம். மெத்தை தைத்த நாற்காலி, சோபா மட்டும் எந்தக் கடையிலும் வேண்டாம் என்பேன். அவற்றின் உள்ளே பூச்சி இருக்கிறதா என்று கடையில் நின்று பார்க்க வழியில்லை.

கன்சைன்மென்ட் கடை ஒரு விஷயத்தில் சிற்றூரை வெல்லும்: குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட பொருள் வேண்டும் என்றால். விருந்துக்கு சூட், நல்ல தோல் பை போன்றவற்றை அங்கே தேடுங்கள். டேக்கில் பொருள் வந்த தேதி பெரும்பாலும் இருக்கும். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நாள் ஏற ஏற விலை படியிறங்கும் கடைகள் பல. அந்தப் படியைக் கேட்டு வைத்துக்கொண்டால் எப்போது திரும்பி வருவது என்று தெரியும்.

எடைக்கடையில் கனமான துணி நஷ்டம், மெல்லியது லாபம். ஒரு ஜீன்ஸ் அறுநூறு எழுநூறு கிராம் இழுக்கும். பட்டுச் சட்டை இருநூறைத் தாண்டாது. பட்டு, மெல்லிய லினன், நைலான் மழைச்சட்டை ஆகியவற்றைத் தேடலாம். கையுறை அவசியம், உடைந்த கண்ணாடியும் திறந்த ஊசியும் தொட்டிக்குள் கிடக்கும்.

மின்சாதனத்தில் என் சாய்வு அவ்வளவு உறுதியானதல்ல. பெரிய கிளைகளில் செருகிப் பார்க்க மின்முனை இருக்கும், சில நாள் திருப்பித்தரும் வசதியும் சில இடங்களில் உண்டு. சிறு கடையில் இரண்டும் இல்லாமல் போகலாம். குழந்தைகளின் கார் இருக்கை, தலைக்கவசம் இரண்டையும் எங்குமே வாங்காதீர்கள். விபத்தில் அடிபட்டதா என்பது வெளியே தெரியாது.

சிற்றூருக்குப் போவதென்றால் ஒரே திசையில் மூன்று கடைகளையாவது கோத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் எரிபொருள் கட்டும். வார இறுதியில் வீடு ஒழித்தவர்கள் கொடுத்தது பிரிந்து ரேக்குக்கு வர ஓரிரு நாளாகும். செவ்வாய், புதன் காலை ஏற்ற நேரம். கிளம்பும் முன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தன்னார்வலர்களை நம்பி நடக்கும் கடைகள் வாரத்தில் மூன்று நாள், அதுவும் அரை நாள் மட்டுமே திறந்திருப்பது சாதாரணம்.