செங்கல், சங்கிலி, கட்டம்: நிலநடுக்கத்தைப் புரிந்துகொள்ள எந்த மாதிரி?

மேசைமேல் உப்புத்தாளை ஒட்டுங்கள். அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்து, அதைச் சுற்றிக் கட்டிய நூலில் ரப்பர் பட்டையை மாட்டி மெல்ல இழுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ரப்பர் நீளும், மெலியும், வெளிறும். செங்கல் இருந்த இடத்திலேயே இருக்கும். திடீரென்று 'சரக்' என்று ஒரு குதி. ரப்பர் தொய்ந்துவிடும். கையை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனால் மறுபடியும் நீளும், மறுபடியும் குதிக்கும்.

நிலநடுக்கத்தின் மிக எளிய இயற்பியல் மாதிரி இதுதான். 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோ குலுங்கியபோது, சான் ஆண்ட்ரியாஸ் பிளவை, அதாவது நிலத்தின் இரு பக்கங்கள் ஒன்றையொன்று உரசி நகரும் நீண்ட விரிசலை, குறுக்கே கடந்த வேலிகளும் சாலைகளும் அறுந்து, சில மீட்டர் தள்ளிப் போய் நின்றன. அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி ரீட் அந்த நிலத்தின் பழைய நில அளவைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு 1910இல் ஒரு விளக்கம் தந்தார். பிளவின் இரு பக்கமும் பல ஆண்டுகளாக மெல்ல வளைகின்றன. உராய்வு பிளவைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடி விடும்போது வளைந்த நிலம் துள்ளி நிமிர்கிறது. நம் மேசையில் செங்கல்தான் பாறை, ரப்பர் வளைந்த நிலம், இழுக்கும் கை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும் புவித்தட்டு.

எட்டாம் வகுப்பில் இதைச் செய்து காட்டுவது என் வழக்கம். ஒருமுறை முன்வரிசை மாணவி ஒருத்தி, "சார், அடுத்தது எப்போது என்று நான் சொல்கிறேன்" என்றாள். மனத்துக்குள் எண்ணி, "இப்போது" என்றாள். செங்கல் குதித்தது. மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் சரி. வகுப்பே கைதட்டியது. எனக்கோ உள்ளுக்குள் உறுத்தியது, ஏனென்றால் இதே நம்பிக்கையை அறிவியல் உலகமும் ஒருமுறை வைத்து ஏமாந்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் அதே சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேலுள்ள பார்க்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே அளவிலான நடுக்கங்கள் வந்தன. சராசரி இடைவெளி சுமார் 22 ஆண்டு. ஒற்றைச் செங்கல் போலவே தெரிந்தது. அடுத்தது 1988ஐ ஒட்டி வரும், 1993க்குள் வந்துவிட 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று கணித்து, ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். 6.0 அளவுள்ள அந்த நடுக்கம் வந்தது 2004 செப்டம்பர் 28 அன்று. இடமும் அளவும் சரிதான், காலம் மட்டும் பதினோரு ஆண்டுக்கு மேல் தவறியது. ஒற்றைச் செங்கல் காரணத்தை அழகாகக் காட்டும். நாட்காட்டியாக அதை நம்பினால் கைவிட்டுவிடும்.

இரண்டாவது போட்டியாளர் சங்கிலி. 1967இல் பரிட்ஜும் நாப்பாஃபும் பல கட்டைகளை வரிசையாக வைத்துச் சுருள்வில்லால் இணைத்து இழுத்தார்கள். ஒரு கட்டை நழுவினால் பக்கத்துக் கட்டையின் மேல் இழுவை கூடும். அது தாங்கலாம், தாங்காமல் தானும் நழுவலாம். 1989இல் கார்ல்சனும் லாங்கரும் இதைக் கணினியில் ஓட்டியபோது, எல்லாக் கட்டைகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்தும், தொடக்க நிலையில் இருந்த மிகச் சிறிய வேறுபாடே போதுமானதாக இருந்தது. சிறிதும் பெரிதுமாக ஒழுங்கற்ற நடுக்கங்கள் வரத் தொடங்கின.

கட்டைகளுக்கு எடை இருப்பதால், பிளவு எவ்வளவு வேகமாகக் கிழிந்துகொண்டு ஓடுகிறது என்பதையும் சங்கிலி காட்டும். அது நமக்குச் சின்ன விஷயம் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய கிழிசல், அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்க 8 முதல் 10 நிமிடம் ஆனது. நாகப்பட்டினத்தை அழித்த அலைக்கு அந்த நீளமும் ஒரு காரணம். ஒற்றைச் செங்கல்லுக்கு நீளமே கிடையாது.

சங்கிலியின் குறை கணக்கின் சுமை. ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் இயக்கச் சமன்பாடு வேண்டும். இழுப்போ ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பது, நழுவலோ நொடிகளில் முடிவது. இரண்டையும் ஒரே கணக்கில் கையாள வேண்டும்.

அந்தச் சுமையைத் துணிந்து இறக்கி வைத்ததுதான் மூன்றாவது மாதிரி. 1992இல் ஒலாமி, ஃபேடர், கிறிஸ்டென்சன் மூவரும் முன்வைத்தார்கள். எடை இல்லை, வேகம் இல்லை; சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 0க்கும் 1க்கும் இடையே ஓர் எண். அந்த எண்தான் அங்கே தேங்கிய தகைவு, அதாவது பாறையில் ஏறிய இழுவை. எல்லாக் கட்டங்களையும் ஒரே அளவில் உயர்த்திக்கொண்டே போங்கள். ஏதாவது ஒன்று 1ஐத் தொட்டால் அது பூச்சியமாகிவிடும்; தன்னிடம் இருந்ததில் ஒரு பங்கை நான்கு அண்டைக் கட்டங்களுக்கும் கொடுக்கும்.

ஒரு கட்டத்தை அருகில் சென்று பார்ப்போம். பங்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். நடுக்கட்டம் 1ஐத் தொடும் நேரத்தில் அண்டைக் கட்டங்களில் 0.85, 0.60, 0.79, 0.93 இருக்கின்றன. 0.2 சேர்ந்ததும் அவை 1.05, 0.80, 0.99, 1.13 ஆகின்றன. முதலாவதும் நான்காவதும் சரிகின்றன. மூன்றாவது மயிரிழையில் தப்புகிறது. சரிந்த இரண்டும் தத்தம் அண்டைக்குக் கொடுக்கின்றன, அங்கே 0.99 போன்று விளிம்பில் நிற்பவை எத்தனை என்பதைப் பொறுத்து, இது மூன்று கட்டங்களோடு அடங்கலாம், பலகையின் பாதியையே உருட்டிவிடலாம். முதலில் சரிந்த கட்டத்தை மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், வருவது சிறியதா பெரியதா என்று சொல்ல முடியாது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்வது ஏன் இத்தனை கடினம் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் இன்னொரு மாதிரியை நான் பார்த்ததில்லை.

இதைப் பல லட்சம் முறை ஓட்டி எண்ணிப் பார்த்தால், சிறியவை ஏராளமாகவும் பெரியவை அரிதாகவும் ஒரு சீரான விகிதத்தில் வருகின்றன. இயற்கையிலும் அளவு ஒன்று கூடினால் எண்ணிக்கை சுமார் பத்தில் ஒன்றாகக் குறையும். குட்டன்பர்க்கும் ரிக்டரும் கண்ட விதி அது. பங்கு 0.2க்கு அருகில் இருக்கும்போது இந்த மாதிரி அதை ஒட்டி வருகிறது. நான்கு கட்டங்களுக்கும் கொடுத்ததுபோக ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது என்பதைக் கவனியுங்கள். இழப்பு இருக்கும்போதே மாதிரி இயற்கையை நெருங்குகிறது.

இதற்கும் ஒரு தடை உண்டு. 1993இல் ஜேம்ஸ் ரைஸ் ஒரு கூர்மையான கேள்வி எழுப்பினார்: இந்த ஒழுங்கின்மை பாறையிலிருந்து வருகிறதா, பிளவைத் துண்டு துண்டாக நாம் வெட்டியதால் வருகிறதா? துண்டுகளைப் போதிய அளவு சிறிதாக்கி, ஆய்வகத்தில் கண்ட உராய்வு விதியை எழுதியபோது, அவருடைய கணக்கில் சிக்கலான சிறு நடுக்கங்கள் மறைந்து, பெரிய நடுக்கங்கள் முறைவைத்து வந்தன. கட்ட மாதிரியைப் பயன்படுத்துகிறவர் இந்த எச்சரிக்கையை மறக்கவே கூடாது.

அந்த உராய்வு விதியையும் சொல்லியாக வேண்டும். 1970களின் இறுதியில் டீட்டரிக், பின்னர் ருய்னா ஆகியோர் உருவாக்கியது அது. பாறை அசையாமல் நிற்க நிற்க அதன் பிடி இறுகுகிறது. வேகத்தைப் பொறுத்து உராய்வு மாறுகிறது. பார்க்ஃபீல்டுக்கு வடமேற்கே பிளவு பெரிய நடுக்கம் இல்லாமல் சதா ஊர்ந்துகொண்டிருப்பதை இந்த விதியால் விளக்கலாம். நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று இரண்டே எண்கள் கொண்ட பள்ளிக்கூடச் செங்கல்லுக்கு ஊரத் தெரியாது.

எதைத் தேர்வது? கணினி தெரிந்த கல்லூரி மாணவர் கட்டத்தில் தொடங்கட்டும்; ஐம்பது வரிக்குள் நிரல் எழுதிவிடலாம். பிளவு எப்படி ஓடுகிறது என்று கேட்பவர் சங்கிலிக்குப் போகட்டும், உராய்வு விதியோடு. பள்ளிக்கூடத்துக்கு நான் ஒற்றைச் செங்கல்லைக் கைவிட்டுவிட்டேன். இப்போது வைப்பது இரண்டு செங்கல்; நடுவே ஒரு ரப்பர் பட்டை, இரண்டுக்கும் வெவ்வேறு சொரசொரப்புள்ள உப்புத்தாள். செலவு பத்து ரூபாய் கூடும், அவ்வளவுதான். சில வேளை முன்செங்கல் மட்டும் குதிக்கும், சில வேளை பின்செங்கல்லையும் இழுத்துக்கொண்டு போகும்.

அதே மாணவியைக் கூப்பிட்டு அடுத்தது எப்போது என்று கேட்டேன். எண்ணினாள், "இப்போது" என்றாள். செங்கல் அசையவில்லை. மறுபடி எண்ணத் தொடங்கினாள். பாதி எண்ணும்போதே இரண்டும் சேர்ந்து குதித்தன.