ஸ்லாட் உள்ள லேப்டாப்பா, ஒட்டி வந்ததா, அடுத்த மாடலுக்கு நிற்பதா?

தை மாதம் காப்பிப் பழம் எடுத்து முடித்த கையோடு பண்ணைக்காட்டிலிருந்து அக்கா மகள் ஃபோன் செய்தாள். "சித்தி, அப்பா காசு குடுத்துட்டாங்க. இப்பவே வாங்கிரவா, இல்ல புது மாடல் வரட்டும்னு நிக்கவா?"

மதுரையில் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். போட்டோ, வீடியோ எல்லாம் லேப்டாப்பில்தான் வெட்டி ஒட்ட வேண்டும். கையில் எண்பதாயிரம், இழுத்துப் பிடித்தால் தொண்ணூறு. வகுப்பில் ஆளுக்கு ஒன்று சொல்லி அவளைக் குழப்பி வைத்திருந்தார்கள். அடுத்த மாடலில் ஸ்டோரேஜ் இரட்டிப்பாகும், வடிவமே மாறும், இன்னும் மெல்லிசாகும், இப்போது வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள் என்று.

அவள் முன்னால் இருந்தவை மூன்று வழிகள். ஒன்று, மெல்லிய, அழகான, ஸ்டோரேஜ் மதர்போர்டோடு ஒட்டி வரும் லேப்டாப். இரண்டு, கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் பின்மூடியைக் கழற்றி எஸ்எஸ்டியை, அதாவது படமெல்லாம் சேமிக்கிற சிப் தகட்டை, மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்லாட் உள்ளது. மூன்று, காத்திருப்பது. நான் இரண்டாவதன் பக்கம். கொடைக்கானலில் உட்கார்ந்து படம் எடுத்துப் பிழைக்கிறவள் என்ற முறையில் இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. அதற்கு ஒரு காரணமும் உண்டு.

2018-ல் இங்கே குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. அதற்கு முன் 2006, இனி 2030. விடிகாலைப் பனியில் சரிவு சரிவாக ஏறி இறங்கி எடுத்த படங்களை அப்போது வைத்திருந்த மெல்லிய லேப்டாப்பில் போட்டு வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து, ஐப்பசி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு ராத்திரிக்கு அப்புறம் அது எழுந்திரிக்கவில்லை. பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்கி மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "போர்டு போயிருச்சுங்க மேடம். ஸ்டோரேஜும் அதுலயேதான் இருக்கு. போர்டு மாத்தித் தரலாம், படம் வராது." அச்சுக்குக் கொடுப்பதற்காகப் பென்டிரைவில் போட்டு வைத்திருந்த இருநூறு சொச்சம் படங்கள்தான் மிச்சம். வேறொரு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த எஸ்எஸ்டி தனித் துண்டாக இருந்திருந்தால், அதைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டிப் பார்க்க ஒரு வழியாவது இருந்திருக்கும்.

அதனால் முதலில் ஸ்லாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எம்.டூ எஸ்எஸ்டி என்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் உள்ள ஒரு தகடு. நீளவாட்டில் மடித்த பஸ் டிக்கெட் அளவுதான். இந்த அளவைத்தான் கடையில் '2280' என்று சொல்வார்கள்; சில மெஷின்களில் இதைவிடக் குட்டையான 2230 இருக்கும், வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்மூடித் திருகுகளைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, தகட்டைச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தி ஒரே ஒரு திருகைப் போட்டால் வேலை முடிந்தது. கை பழகியவர்களுக்குப் பத்து நிமிஷம். 512 ஜிபி போதாத நாளில் அதன் இரட்டிப்பான 1 டிபி போட்டுக்கொள்ளலாம். அதாவது 'அடுத்த மாடலில் வரும்' என்று எல்லோரும் காத்திருக்கிற அந்த ஸ்டோரேஜ் உயர்வை, நமக்குக் காசு சேரும்போது நாமே செய்துகொள்ளலாம்.

ஒட்டி வருவதன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆப்பிளின் மேக்புக் ஏரை எடுத்துக்கொள்வோம். 2008-ல் கவருக்குள்ளிருந்து உருவிக் காட்டப்பட்ட முதல் ஏரில் இருந்தது 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2010-ல் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு முழுக்க ஃபிளாஷ் சிப்புகளுக்கு மாறினார்கள். 2020-ல் எம்1 என்ற ஆப்பிளின் சொந்த சிப் வந்தபோது விசிறியும் போயிற்று. 2022-ல் ஆப்புபோல ஒருபக்கம் மெலிந்த பழைய வடிவமும் போய், ஒரே சீராக 11.3 மில்லிமீட்டர் தடிமனும் 1.24 கிலோ எடையுமாக வந்தது. விசிறி இல்லாதது நம் ஊருக்கு நல்ல விஷயம். ஜன்னல் வழியே மஞ்சு உள்ளே வந்து போகிற வீட்டில், ஈரக்காற்றை உள்ளே இழுக்கிற துவாரம் இல்லாத மெஷின் என்பது நிஜமான லாபம். பேட்டரியும் நின்று பேசும். மரம் விழுந்து கரண்ட் போய், அது வர மறுநாள் ஆகிற ஊரில் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025 மார்ச்சில் எம்4 ஏர் வந்தபோது இந்தியாவில் 99,900 ரூபாய். மாணவர் விலை 89,900. அதற்குக் கிடைத்தது 256 ஜிபி. 512 வேண்டுமென்றால் இன்னும் 20,000 கேட்டார்கள். வாங்குகிற அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். பிறகு ஏற்ற வழியில்லை. ஸ்டோரேஜில் உள்ளதெல்லாம் அந்த சிப்போடு பிணைந்த பூட்டால் பூட்டப்பட்டிருக்கும், எனவே போர்டு செத்தால் உள்ளே இருப்பதை வெளியில் எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஏர் வாங்குகிறவர்கள் வெளி எஸ்எஸ்டி ஒன்றையும் சேர்த்து விலை போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

புது மாடல் என்றாலே ஸ்டோரேஜ் மேலே போகும் என்ற நம்பிக்கைக்கும் இந்த ஏரிலேயே பதில் இருக்கிறது. எம்1 ஏரின் 256 ஜிபி, இரண்டு 128 சிப்புகளாக இருந்தது. 2022-ன் எம்2 ஏரில் அதே 256-ஐ ஒரே சிப்பாக்கினார்கள். இரண்டு வாசல் பஸ்ஸில் ஏறுகிற கூட்டத்தை ஒரே வாசலில் ஏற்றினால் என்ன ஆகும்? பழைய மாடல் நொடிக்கு 2,900 எம்பி அளவுக்குப் படித்தது; புதியது 1,500-க்குப் பக்கத்தில் நின்றது. 2024-ன் எம்3-ல்தான் மறுபடி இரண்டு சிப் வந்தது. நடுவில் காத்திருந்து, ஆசையாகப் புதுசு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பாதி வேகம்.

வடிவமும் அப்படித்தான். 2016-ல் மேக்புக் ப்ரோவை மெலிய வைப்பதற்காக கேமரா கார்டு ஸ்லாட், டிவியை இணைக்கிற எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் எடுத்தார்கள். பட்டாம்பூச்சிக் கீபோர்டு என்று ஒன்றை வைத்தார்கள். தூசி விழுந்தால் எழுத்து விழாது, இல்லாவிட்டால் இரண்டு தரம் விழும். வழக்கு நடந்து 2022-ல் ஐந்து கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். 2021 மாடலில் கார்டு ஸ்லாட்டும் எச்டிஎம்ஐயும் காந்த சார்ஜரும் திரும்பி வந்தன. அந்த ஐந்து வருஷமும் படக்காரர்கள் எல்லோரும் அவற்றைச் செருகுவதற்கென்று பையில் ஒரு டாங்கிளைச் சுமந்து அலைந்தோம். வடிவம் புதுசாக மாறும் முதல் வருஷத்தில் வாங்காதே என்று நான் யாருக்கும் சொல்வேன்.

அக்கா மகளை அதிகம் மயக்கியது வேகம். "ஜென் ஃபைவ் எஸ்எஸ்டி பதினாலாயிரம் போகுமாம் சித்தி!" போகும். ஜென் என்பது தலைமுறை; எஸ்எஸ்டியில் மூன்றாம் தலைமுறை நொடிக்குச் சுமார் 3,500 எம்பி, நான்காவது 7,000, ஐந்தாவது 14,000. ஆனால் அவள் கேமராவில் இருக்கிற கார்டு யுஎச்எஸ்-1 வகை. அதன் உச்சமே நொடிக்கு 104 எம்பி. 64 ஜிபி கார்டைக் காலி செய்ய எந்த லேப்டாப்பாக இருந்தாலும் பத்து நிமிஷம் ஆகும். இதற்காக ஆறு மாசம் நிற்பதா? ஐந்தாம் தலைமுறை சூடும் அதிகம், மின்சாரமும் அதிகம் தின்னும்.

கடையில் இன்னொன்றும் கேட்க வேண்டும். எஸ்எஸ்டி சிப்பின் ஒரு நுண்ணறையில் (செல்) மூன்று பிட் எழுதுவது டிஎல்சி, நான்கு பிட் எழுதுவது க்யூஎல்சி. இரண்டாவது மலிவு, ஆனால் தொடர்ந்து பெரிய வீடியோக்களை எழுதும்போது திணறும். வீடியோ வேலைக்கு டிஎல்சிதான். பெட்டியில் 512 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 476. 256 என்றால் 238. திருட்டுப்போகவில்லை, கணக்கிடும் முறை வேறு. ஆனால் 238-ல் விண்டோஸும் எடிட்டிங் மென்பொருளும் போக மிஞ்சுவது ஒரு கல்யாண வீடியோவுக்குக்கூடக் காணாது. எல்லாவற்றையும் கிளவுடில் வைத்துக்கொள் என்று சமவெளியில் உள்ளவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் பண்ணைக்காட்டில் ஒரு வாட்ஸ்அப் வீடியோ போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று அவர்கள் பார்த்ததில்லை.

ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய மெஷின்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுழலும் தட்டுக்கு மேலே காற்று மெத்தையில்தான் அதன் ஊசி மிதக்கிறது. அதனால் பெரும்பாலானவற்றுக்கு 3,000 மீட்டர் சுமாரில் உயர வரம்பு உண்டு. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர், வரம்புக்குள்தான். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுக்குவதுதான் அதற்கு எமன். எஸ்எஸ்டிக்கு இரண்டு கவலையும் இல்லை.

சரி, காத்திருப்பதில் எதுவுமே இல்லையா? இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று யுஎஸ்பி-சி சார்ஜிங். ஐரோப்பாவில் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புகளுக்கும் இது கட்டாயம் என்று சட்டம், அதனால் இனி வரும் மாடல்களில் இது பரவலாகிவிடும். ஆனால் இன்றைக்கே நிறைய மாடல்களில் இருக்கிறது. இன்னொன்றுதான் எனக்கு உண்மையாகவே ஆவலைத் தருவது: எல்பிகேம்2 என்கிற ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம்). மின்சாரம் குறைவாகத் தின்னும் ரேமை இதுவரை போர்டில் ஒட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. இது தட்டையாகத் திருகி மாட்டுகிற துண்டு. 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் வந்தது. இது நடுத்தர விலைக்கு இறங்கி வந்தால் மெல்லிசா, மாற்றக்கூடியதா என்ற சண்டையே பாதி தீர்ந்துவிடும். அந்த நிறுவனத்தின் டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு ரேம் ஸ்லாட்டும் எம்.டூ ஸ்லாட்டும் சுலபமாகக் கழற்றும் பேட்டரியும் இருக்கின்றன. பழுது பார்க்கும் வசதிக்கு, கருவிகளைக் கழற்றிப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளம் அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தது. அக்கா மகளின் கைக்காசுக்கு அது எட்டாது. ஆனால் தயாரிப்பவர்கள் மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

காத்திருந்தால் விலை இறங்கும் என்பார்கள். இந்தத் தடவை அப்படி இல்லை. ஏஐ சர்வர்களுக்காக மெமரி சிப்புகள் மொத்தமாகப் போவதால், 2025 கடைசியில் ரேம், எஸ்எஸ்டி இரண்டும் விலை ஏறின. க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளுக்கு விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக டிசம்பரில் அறிவித்தது. இதனால் நான் சொன்ன ஸ்லாட் கணக்கிலும் ஒரு திருத்தம்: ரேமை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விடாமல் 16 ஜிபி இருப்பதாகவே எடுத்துவிடுவது நல்லது.

உடனே காசு இல்லாதவர்களுக்குக் காத்திருப்பு கட்டாயம்தான். வீட்டில் அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கோடு கிடந்தால் அந்த டிஸ்க் இடத்திலேயே மாட்டுகிற சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு ஓட்டலாம். நொடிக்கு நூறு எம்பியில் நொண்டிக்கொண்டிருந்தது ஐந்நூறுக்கு வரும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-டோடு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோனதால், இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்வது உத்தமம்.

இங்கே சூரிய ஆய்வகத்தில் 1904-லிருந்து எடுத்த சூரியப் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பழையவை எல்லாம் கண்ணாடித் தட்டும் ஃபிலிமும். எடுத்த கருவிகள் மாறின, எடுத்தவர்கள் போனார்கள். படம் கருவியோடு ஒட்டாமல் தனியாக இருந்ததால் நூறு வருஷம் கழித்து அவற்றைக் கணினியில் ஏற்ற முடிந்தது. அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு மெல்லிசு பற்றிப் பேசவில்லை.

மதுரையில் எடுத்தோம். 16 ஜிபி ரேம், 512 ஜிபி, உள்ளே காலியாக இன்னொரு எம்.டூ ஸ்லாட், யுஎஸ்பி-சி சார்ஜர். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. விசிறி உண்டு, சத்தமும் உண்டு. திரை சுமார்தான், ஏரின் திரை இதைவிட அழகு. எண்பத்திரண்டாயிரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் பையைத் திறக்க விடவில்லை. குளிரில் வந்த மெஷினை அடுப்பங்கரை வெதுவெதுப்பில் சட்டென்று திறந்தால் உள்ளே நீர் கோக்கும்; கவரோடு ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும் என்றேன். அதற்குள் காப்பி குடித்தோம். பிறகு திறந்து, முதல் வேலையாக விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எடுக்கச் சொன்னேன். புது விண்டோஸ் லேப்டாப்புகளில் பெரும்பாலும் எஸ்எஸ்டி தானாகவே பூட்டிக்கொள்ளும். இந்த 48 இலக்கம் இல்லாமல் அதைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் ஒன்றும் திறக்காது. ஸ்லாட் இருந்தும் பிரயோசனமில்லை.

"போட்டோ எடுத்து வச்சுக்கவா சித்தி?"

"ஃபோன்ல வேண்டாம்டி. வாசி, எழுதுறேன்."

ஆறு ஆறு இலக்கமாக அவள் வாசிக்க, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எட்டு வரிசை. திரும்ப ஒருதரம் சரிபார்த்தோம்.